மார்ட்டின் லூதர் வீட்டுப் பண்டிகை

பண்டிகை என்றவுடன் பெரும்பாலோர்க்குப் புத்தாடையும் பலகாரமும் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது ஒரு வாழையிலை. அதில் பாதிச் சோறு இருக்கிறது. குழம்பு ஓடிப் பரவியிருக்கிறது. இலைக்குப் பின்னால் ஆள் இல்லை. அந்த இலையை விட்டு எழுந்து போனவன் நான்தான்.

எங்கள் ஊர் தரங்கம்பாடிக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள் சீகன்பால்கு தரங்கம்பாடிக் கடற்கரையில் வந்திறங்கினார். அவர் தொடங்கி வைத்த லுத்தரன் சபையில் எங்கள் குடும்பமும் தலைமுறை தலைமுறையாக உள்ளது. கிறிஸ்துமஸ் அன்று பெரியப்பா, சித்தப்பா, அத்தை குடும்பங்கள் யாவும் அப்பாயி வீட்டில் கூடும். ஈராண்டுகளுக்கு முன், நான் இக்கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில், அந்தக் கூட்டத்தின் நடுவே அப்பா என்னைப் பற்றிப் பேசத் தொடங்கினார். என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கப் பணம் சேர்த்து வைத்திருந்ததையும், நான் பிடிவாதமாக வரலாறு படிக்கப் போனதையும் ஒவ்வொருவரிடமும் எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் கூறியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பந்தியில் வைத்துச் சொன்னார். நான் எழுந்துவிட்டேன். மறு ஆண்டு கிறிஸ்துமஸுக்குத் தேர்வைச் சாக்கிட்டு விடுதியிலேயே தங்கிவிட்டேன்.

இந்நிலையில்தான் ஐரோப்பிய வரலாற்றுப் பாடத்திற்காக மார்ட்டின் லூதரின் வாழ்க்கையைப் படிக்க நேர்ந்தது. ஞாயிறுதோறும் காதில் விழுந்த பெயர்தான். ஆயினும் திருச்சபைச் சீர்திருத்தத்தின் காரணங்கள், விளைவுகள் என்று தேர்வுக்குப் படிக்கப் புகுந்த எனக்கு, அப்பெரியாரும் ஒரு பந்தியில் தம் தந்தையிடம் அடிபட்டவர் என்று கண்டபோது புத்தகத்தை மூட மனம் வரவில்லை.

லூதர் 1483-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் ஜெர்மனி நாட்டில் ஐஸ்லேபன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஹான்ஸ் குடியானவர் குலத்தில் தோன்றிச் செம்புச் சுரங்கத் தொழிலில் உழைத்து முன்னுக்கு வந்தவர். தாய் மார்கரெத்தா. மகனை வழக்கறிஞராக்க வேண்டும் என்பது தந்தையின் கனவு. அதற்காக எர்ஃபுர்ட் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார். மகனும் 1505-இல் முதுகலைப் பட்டம் பெற்றுச் சட்டம் படிக்கத் தொடங்கினார். அவ்வாண்டு ஜூலை 2-ஆம் நாள் ஊரிலிருந்து திரும்பும் வழியில் இடியும் மின்னலும் சூழ்ந்துகொள்ள, உயிருக்கு அஞ்சிய இளைஞர் புனித அன்னாளை வேண்டித் தாம் துறவியாவதாக நேர்ந்துகொண்டார். பதினைந்து நாளில் அகஸ்டீன் துறவியர் மடத்தின் கதவைத் தட்டினார். தந்தையை அவர் கேட்கவில்லை.

1507-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் லூதர் குருவாகித் தமது முதற்பலியை நிறைவேற்றினார். அக்காலத்தில் அது ஒரு குடும்பத்திற்குத் திருமணத்திற்கு நிகரான விழா. தந்தை ஹான்ஸ் இருபது குதிரை வீரர்கள் புடைசூழ வந்தார்; மடத்தின் மடைப்பள்ளிக்கு 20 கில்டர் நன்கொடையும் தந்தார். கோபம் தீர்ந்ததென்று எண்ணிய மகன், விருந்து மேசையில் தந்தையின் அருகே அமர்ந்து, இந்தத் துறவு வாழ்வு எவ்வளவு அமைதியானது, இன்னும் ஏன் மனத்தாங்கல் என்று பேச்சுக் கொடுத்தார். கொடுத்திருக்கக் கூடாது. தாய் தந்தையரைக் கனம்பண்ண வேண்டும் என்ற கட்டளையை நீ படித்ததில்லையா என்ற பொருளில், கற்றறிந்த துறவியர் அத்தனை பேர் முன்னிலையிலும் ஹான்ஸ் கேட்டுவிட்டார். அந்த இடியில் பேசியது கடவுள்தானா, பேயின் வஞ்சனையா என்றும் ஐயப்பட்டார். லூதர் அச்சொல்லை மறக்கவே இல்லை. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1521 நவம்பரில், துறவு நேர்ச்சைகளைப் பற்றித் தாம் எழுதிய நூலைத் தந்தைக்கே காணிக்கையாக்கி, அன்று அவர் கூறியது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். ஒரு மகன் தந்தைக்குத் தலைவணங்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

அந்த இடைக்காலத்தில் நடந்தவற்றை வரலாற்று மாணவர்கள் நன்கறிவர். 1517 அக்டோபர் 31-இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டித்த 95 கருத்துரைகள். 1521 ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரப் பேரவையில் பேரரசர் முன்னிலையில் பின்வாங்க மறுத்தது. வார்ட்புர்க் கோட்டையில் மறைந்திருந்து புதிய ஏற்பாட்டைப் பதினொரு வாரங்களில் ஜெர்மன் மொழியில் பெயர்த்தது. இவற்றைப் பாடநூல்கள் விரிவாகச் சொல்கின்றன. பாடநூல் சொல்லாமல் விடும் பகுதிக்கே நான் வர விரும்புகிறேன்.

1523-ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முந்திய இரவில் நிம்ஷன் என்னும் கன்னியர் மடத்திலிருந்து சில கன்னியர் தப்பி வெளியேறினர். மடத்துக்கு மீன் முதலிய சரக்குகள் கொண்டுவரும் வணிகர் ஒருவரின் வண்டி அவர்களுக்கு உதவிற்று. அவர்களுள் ஒருவர் கத்தரீனா ஃபொன் போரா. மற்றவர்களுக்கெல்லாம் வீடோ கணவரோ அமைந்தபின் எஞ்சி நின்ற அம்மையாரை லூதரே 1525 ஜூன் 13-இல் மணந்தார். அப்போது அவருக்கு வயது 41; அம்மையாருக்கு 26. பேரப்பிள்ளை காண வேண்டுமென்ற தந்தையின் ஆசையும் தம் முடிவுக்கு ஒரு காரணம் என்று லூதர் எழுதியிருக்கிறார். ஜூன் 27-இல் நடந்த திருமண விருந்துக்குப் பெற்றோரை அழைத்தார். அவர்களும் வந்தனர். எர்ஃபுர்ட் விருந்தில் அறுந்த நூல் விட்டன்பர்க் விருந்தில் முடிச்சிடப்பட்டது எனலாம். அடுத்த ஆண்டு பிறந்த தலைமகனுக்கு வழங்கிய பெயர், பாட்டனாரின் பெயராகிய ஹான்ஸ்.

அவர்கள் குடியிருந்தது எங்கே என்று எண்ணுகிறீர்கள்? லூதர் துறவியாக வாழ்ந்த அதே மடத்தில்தான். துறவியர் எல்லாரும் வெளியேறிவிட, அந்தப் பெரிய கட்டடத்தை மன்னர் அவருக்கே அளித்துவிட்டார். மௌன விரதம் காத்த கூடங்களில் குழந்தைகள் ஓடின. கத்தரீனா அம்மையார் பீர் காய்ச்சினார், பன்றியும் பசுவும் வளர்த்தார், குளத்தில் மீன் பிடித்தார், தோட்டம் போட்டார். கணவர் கையில் பணம் நில்லாது. வந்தவர்க்கெல்லாம் எடுத்துக் கொடுத்துவிடுவார். சொந்தக் குழந்தைகள் அறுவர். அத்துடன் பெற்றோரை இழந்த சகோதரிப் பிள்ளைகள், கத்தரீனாவின் அத்தையான லேனா அம்மாள், கட்டணம் செலுத்தித் தங்கிய மாணவர்கள், புகலிடம் தேடி வந்தவர்கள். 1542-இல் அன்ஹால்ட் இளவரசர் ஒருவர் விட்டன்பர்க் வரும்போது லூதர் வீட்டில் தங்கலாமா என்று எண்ணியபோது, அந்த வீட்டில் மாணவர்களும் பெண்களும் விதவைகளும் கிழவிகளும் பிள்ளைகளும் நிறைந்திருப்பதால் ஓய்வு கிட்டாது என்று ஒருவர் அவருக்கு எழுதினாராம். எங்கள் அப்பாயி வீட்டை ஒருமுறை பார்த்தவர் எவரும் அதே கடிதத்தை எழுதியிருப்பார்.

இந்த வீட்டில் பண்டிகை எப்படி நடந்தது? அதுவே நான் சொல்ல வந்த செய்தி. அதற்குமுன் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவிட வேண்டும். லூதர் ஓர் இரவில் விண்மீன்களைக் கண்டு மகிழ்ந்து, வீட்டுக்குள் மரம் கொணர்ந்து மெழுகுவர்த்தி ஏற்றினார் என்றும், கிறிஸ்துமஸ் மரம் அவ்வாறே தோன்றிற்று என்றும் ஒரு கதை வழங்குகிறது. லூதர் குடும்பத்தார் விளக்கேற்றிய மரத்தைச் சூழ்ந்திருக்கும் படம் ஒன்றும் புகழ்பெற்றது. அது 19-ஆம் நூற்றாண்டில் வரையப்பட்ட படம். லூதர் காலத்துச் சான்று ஒன்றும் அதற்கு இல்லை. அழகிய கதைதான், ஆனால் வரலாறு படிப்பவன் அதை நம்பக் கூடாது.

உண்மையில் அவர் வீட்டில் நுழைந்தது மரத்தைவிடப் பெரிய மாற்றம். அதுவரை கிறிஸ்துமஸ் என்பது பெரும்பாலும் கோயிலில் நடப்பது. பலிபீடத்தில் குரு இலத்தீனில் பாட, மக்கள் கேட்டு நிற்பர். பிள்ளைகளுக்குப் பரிசு கிடைப்பதும் டிசம்பர் 6-ஆம் நாளாகிய புனித நிக்கோலஸ் திருநாளில்தான். லூதர் வீட்டிலும் அவ்வழக்கம் உடனே நின்றுவிடவில்லை. ஆனால் அவருடைய சீர்திருத்தம் பரவிய இல்லங்களில், பரிசு கொணர்பவர் பாலகன் இயேசுவே என்ற எண்ணம் வளர்ந்து, பரிசு நாளும் மெல்ல மெல்லக் கிறிஸ்துமஸுக்கு மாறிற்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் உடைத்தெறியாத அவருடைய பொறுமை எனக்கு வியப்பளிக்கிறது. பிறவிடங்களில் அவர் பொறுமைக்குப் பேர்போனவர் அல்லர்.

1529-இல் அவர் சிறிய ஞானோபதேச நூலை வெளியிட்டார். அதன் பகுதிகளைக் குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. உணவுக்கு முன்னும் பின்னும் சொல்ல வேண்டிய ஜெபங்களும் அதில் இருக்கின்றன. குருவின் வேலையில் ஒரு பங்கைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டார். கோயிலின் ஒரு பகுதியைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார் என்றால் மிகையாகாது. 1532 முதல் 1534 வரை உடல்நலக் குறைவால் கோயிலில் பிரசங்கிக்க இயலாதபோது, ஞாயிறுதோறும் தம் வீட்டிலேயே மனைவி மக்களுக்கும் வேலையாட்களுக்கும் பிரசங்கித்தார். கூடியிருந்த மாணவர்கள் குறிப்பெடுத்தனர். 1544-இல் அவை நூலாக வெளிவந்தன.

கிறிஸ்துமஸ் பற்றிப் பேசும்போது அவர் மாட்டுத்தொழுவத்தைப் பொன்னால் இழைப்பதில்லை. மரியாள் ஏழைப் பெண், முதற்பிள்ளை, உதவிக்கு மருத்துவச்சி இல்லை, வெந்நீர் வைக்க ஆளில்லை, சத்திரத்தில் இடங்கொடுப்பார் இல்லை. நாங்கள் அங்கிருந்தால் ஓடி உதவியிருப்போமே என்று எண்ணுகிறவர்களை அவர் சும்மா விடவில்லை. அயலான் இப்போதே பக்கத்தில் இருக்கிறானே, அவனுக்கு ஏன் செய்யவில்லை என்று கேட்டுவிடுவார். அவர் மேசையைச் சுற்றி அத்தனை அநாதைப் பிள்ளைகள் அமர்ந்திருந்ததை எண்ணும்போது, அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு உரிமை உண்டென்றே தோன்றுகிறது.

இனி அந்தப் பாடல். 1534-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அவ்வீட்டை மனக்கண்ணால் பாருங்கள். ஹான்ஸுக்கு எட்டு வயது, மக்தலேனாளுக்கு ஐந்து, மார்ட்டினுக்கு மூன்று, பவுலுக்கு இரண்டு நிறையவில்லை. டிசம்பர் 17-இல் பிறந்த மார்கரெத்தா எட்டு நாள் குழந்தை. மறு ஆண்டு, 1535-இல், அச்சேறிய பாட்டுப் புத்தகத்தில் லூதர் இயற்றிய கிறிஸ்துமஸ் பாடல் ஒன்று இடம்பெற்றது. பதினைந்து அடிகள். பிள்ளைகளுக்கான பாட்டு என்றே அதற்குத் தலைப்பிட்டார். முதலில் தேவதூதன் வானத்திலிருந்து வந்து செய்தி சொல்கிறான். பிறகு கேட்டவர்கள் தொழுவத்தருகே சென்று குழந்தையிடம் பேசுகிறார்கள். தம் வீட்டுப் பிள்ளைகள் நடித்துப் பாடுவதற்காகவே எழுதினார் என்பது நெடுநாள் மரபு. பாட்டின் அமைப்பும் அதற்கு இசைகிறது.

இதில் இன்னொரு சுவையும் உண்டு. முதலடியின் போக்கும் மெட்டும் கோயிலிலிருந்து எடுத்தவை அல்ல. வாலிபர்கள் வெளியூர்ச் செய்தி கொண்டுவந்தவர்கள்போல் பாடி விடுகதை போட, விடை சொல்ல முடியாத கன்னிப்பெண் மாலையைப் பரிசாகக் கொடுக்கும் ஒரு தெருவிளையாட்டுப் பாட்டு அது. தெம்மாங்கு மெட்டில் தேவதூதனைப் பாட வைத்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1539-இல் அதற்கு வேறு மெட்டு அமைந்தது. இன்றளவும் வழங்குவது அதுவே. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து இசைமேதை பாக் 1734-இல் இயற்றிய கிறிஸ்துமஸ் இசைத்தொகுப்பில் அந்த மெட்டை எடுத்தாண்டார். லூதரோ வீட்டில் தாமே லூட் என்னும் தந்திவாத்தியத்தை மீட்டுவார். ஐரோப்பாவையே உலுக்கிய மனிதர் தரையளவு இறங்கி, மூன்று வயதுப் பிள்ளைக்குப் புரியும் சொல்லைத் தேடியிருக்கிறார்.

அவ்வீட்டில் மகிழ்ச்சி மட்டுமே குடியிருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1527-இல் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் பரவியபோது பலரும் ஊரைவிட்டு ஓடினர். லூதர் ஓடவில்லை, அவர் வீடு மருத்துவமனையாயிற்று. அந்த டிசம்பர் 10-இல் பிறந்த எலிசபெத் எட்டு மாதத்தில் மறைந்தாள். 1530-இல் அவர் கோபர்க் கோட்டையில் தங்கியிருந்தபோது தந்தை ஹான்ஸ் இறந்த செய்தி வந்தது. சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்த் தனியே அழுதார். அதே ஜூன் மாதத்தில்தான் நான்கு வயது மகன் ஹான்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார்: ஆப்பிள் பழங்களும் குட்டிக் குதிரைகளும் நிறைந்த ஓர் அழகிய தோட்டத்தைப் பற்றிய கதை அது, நன்றாகப் படித்து ஜெபிக்கும் பிள்ளைகள் அங்கே போகலாமாம். தந்தையை இழந்த சில நாட்களில் தந்தையாக இருந்து எழுதிய கடிதம் அது என்பதை அறிந்தபின் அதை வெறும் குழந்தைக் கதையாக என்னால் படிக்க முடியவில்லை.

1542 செப்டம்பரில் பதின்மூன்று வயது மக்தலேனாள் படுத்த படுக்கையானாள். டோர்காவ் நகரில் படித்துக்கொண்டிருந்த அண்ணனைக் காண விரும்பினாள். அவனுக்குக் காரணம் சொல்லாமல் வண்டி அனுப்பி வரவழைத்தார்கள். 20-ஆம் நாள் தந்தையின் கரங்களிலேயே உயிர் பிரிந்தது. அவ்வாண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில், பள்ளிக்குத் திரும்பியிருந்த ஹான்ஸ் துயரம் தாங்காமல் வீட்டுக்கு வர ஏங்கினான். டிசம்பர் 27-இல் தந்தை எழுதியது கண்டிப்பான கடிதம்: கண்ணீரை ஆண்மையோடு அடக்கிக்கொண்டு படிப்பைத் தொடர வேண்டும், நோயுற்றால் மட்டுமே தெரிவிக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் எனக்கு லூதரிடம் கோபம் வந்தது. பதினாறு வயதுப் பையன் பண்டிகை நாளில் வெறுமையான விடுதியில் எப்படி இருப்பான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மகளை அடக்கம் செய்து மூன்று மாதமான ஒருவர், இன்னொரு கண்ணீரைத் தம் வீட்டில் காணத் தெம்பில்லாமல் எழுதியிருக்கலாமோ என்று பிறகு தோன்றிற்று. எங்கள் ஆசிரியர் ஒருவர் இது என் ஊகம், வரலாறன்று என்று ஓரத்தில் சிவப்பு மையால் குறித்தார். குறிப்பு சரியானதே.

அவருடைய பெருங்குறையையும் மறைக்கலாகாது. 1525-இல் குடியானவர் கிளர்ச்சியை அடக்கும்படி அவர் எழுதிய கடுமொழி அவர் புகழில் ஒரு கறை. அதனினும் பெரிய கறை, 1543-இல் யூதர்களுக்கு எதிராக அவர் எழுதிய நச்சு நூல். அதே 1543-இல்தான் தேவதூதர் கூட்டத்தைப் பற்றிய அவருடைய இரண்டாவது கிறிஸ்துமஸ் பாடலும் வெளிவந்தது. தொழுவத்தில் பிறந்தவரும் அவருடைய தாயும் யூதர்கள் என்பதை நன்கறிந்தவர், 1523-இல் அதையே ஒரு நூலாக எழுதியவர், தம் மேசையின் கதவை அவர்களுக்கு இப்படிச் சாத்தியதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. 1984-இல் உலக லுத்தரன் சபைகளின் கூட்டமைப்பே அவ்வெழுத்துகளைத் தள்ளிவிட்டது.

லூதரின் கடைசிக் கிறிஸ்துமஸ் அவர் வீட்டில் நடக்கவில்லை. அவர் வளர்ந்த மான்ஸ்ஃபெல்டு நாட்டின் பிரபுக்கள் ஒரே குடும்பத்தவராயிருந்தும் சுரங்கத்துக்கும் சொத்துக்கும் ஒருவரோடொருவர் பூசலிட்டனர். அவர்களைச் சேர்த்துவைக்க 1545 டிசம்பர் கடைசியில் நோயுற்ற உடலோடு அங்கே போனார். பேச்சு முடியாமல் திரும்பி, ஜனவரியில் மீண்டும் புறப்பட்டார். பிப்ரவரியில் உடன்பாடு ஏற்பட்டது. அடுத்த ஓரிரு நாளில், 1546 பிப்ரவரி 18-இல், தாம் பிறந்த அதே ஐஸ்லேபனில் கண்ணை மூடினார். பிரிந்த உறவினரை ஒரு மேசைக்குக் கொண்டுவருவதே அவர் இறுதிப்பணியாக அமைந்தது. அதன்பின் போரும் வறுமையும் கத்தரீனா அம்மையாரை விரட்டின. 1552-இல் கொள்ளைநோய்க்கு அஞ்சிப் பிள்ளைகளோடு டோர்காவுக்குச் செல்கையில் வண்டியில் விபத்து நேர்ந்து, டிசம்பர் 20-இல் அவரும் மறைந்தார். கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாட்கள் இருந்தன.

கடந்த கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்குப் போனேன். யாரும் அழைக்கவில்லை, யாரும் ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. ஆராதனை முடிந்து வந்தபின், சித்தப்பாவின் சிறுமியரை வைத்து, அப்பாயியின் பழைய ஞானப்பாட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு ஜெர்மன் மெட்டைப் பாடச் சொன்னேன். எனக்கே மெட்டு சரியாக வரவில்லை. இரண்டாவது அடியில் திண்ணையிலிருந்து தடித்த குரலொன்று சேர்ந்துகொண்டது. அப்பா பாடுவார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பாட்டு முடிந்ததும் இலை போட்டார்கள். சாப்பாட்டு ஜெபத்தை வழக்கமாகப் பெரியப்பாதான் சொல்வார். அன்று அவர் அப்பாவைப் பார்த்தார், அப்பா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், இரண்டிடங்களில் தடுமாறி. பிறகு அப்பா வாளியை வாங்கிக்கொண்டு தாமே பரிமாற வந்தார். என் இலை அருகே வந்ததும், வரலாற்றில் எத்தனை தாள் இன்னும் பாக்கி என்று கேட்டார். நான்கு என்றேன். கோழிக்கறியை இரண்டு கரண்டி வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.